கறுப்பு ஸ்பொஞ்சும் ஒரு பலூனும்: அமுக்க டிரான்ஸ்டியூசர் ஒன்றை நாமே செய்வது எப்படி

எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கத் தொடங்கியதும் பலரும் ஆர்டுயினோ (கணினியில் எழுதி ஏற்றும் கட்டளைப்படி இயங்கும் சின்ன சர்க்யூட் போர்ட்) வாங்கி, எல்இடி மின்ன வைத்து, அடுத்ததாக ஒரு சென்சர் மொடியூலைச் சொருகி, திரையில் ஓர் எண் வந்ததும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அமுக்கத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் ஒன்றை, அதாவது அமுக்கத்தை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவியை, ஒருமுறை கையால் செய்து பாருங்கள், பதில் கண்ணுக்கு முன்னால் இருக்கும்: காற்று றப்பரைத் தள்ளுகிறது, றப்பர் ஸ்பொஞ்சை நசுக்குகிறது, நசுங்கினால் ஸ்பொஞ்சின் தடை குறைகிறது, தடை குறைந்தால் வோல்டேஜ் மாறுகிறது. இவ்வளவுதான். செய்து முடிப்பது பாதி வேலை, கலிபிரேட் பண்ணுவது, அதாவது தெரிந்த அமுக்கங்களைக் கொடுத்து எந்த எண்ணுக்கு எவ்வளவு அமுக்கம் என்று கண்டுபிடிப்பது, மறுபாதி. அந்த மறுபாதியை விட்டுவிட்டால் உங்களிடம் இருப்பது அமுக்கினால் எண் மாறும் ஒரு பொருள்தான், அதை அளவி என்று சொல்ல முடியாது.

முக்கியமான பொருள் ஐசி எனும் மின்சுற்றுச் சில்லுகளின் கால் வளையாமல் சொருகி வைத்திருக்கும் அந்தக் கறுப்பு ஸ்பொஞ்ச். காபன் கலந்தது, கரண்டைக் கடத்தும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஐசி விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், ஐசி வந்து இறங்கிய பழைய துண்டாக இருந்தாலும் நல்லதுதான். ஆனால் இளஞ்சிவப்பு ஸ்பொஞ்சை வாங்கி வந்துவிடாதீர்கள், அது நிலைமின் சேராமல் தடுக்க மட்டும்தான், மல்டிமீட்டரில் எதுவும் காட்டாது. கடையிலேயே சோதிக்கலாம்: மல்டிமீட்டரை 200 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு முனைகளையும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் ஸ்பொஞ்சில் குத்தி, விரலால் நசுக்கிப் பாருங்கள், எண் இறங்கினால் சரக்கு சரி. காபனை அமுக்கினால் தடை குறையும் என்பது பழைய விஷயம். எடிசன் 1870களில் தொலைபேசிக்குச் செய்த காபன் மைக்ரோபோனும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தது, அங்கே குரல் தள்ளியது, இங்கே காற்று தள்ளுகிறது.

செப்புத் தகடு ஒட்டிய பிசிபி போர்ட்டில் 3 சென்ரிமீற்றர் சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் ஒரு மூலையிலும் மெல்லிய வயரை சோல்டர் பண்ணுங்கள், இதை ஸ்பொஞ்ச் வைக்க முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் சூடு பட்டால் ஸ்பொஞ்ச் உருகிவிடும். இரண்டு சோல்டர் மேடுகளும் ஒன்றுக்கொன்று எதிரெதிர் மூலையில் வரட்டும், மேலே சின்னதாக இன்சுலேசன் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நசுக்கும்போது ஒன்றையொன்று தொட்டு ஷோர்ட் ஆகிவிடும். செப்புப் பக்கம் உள்ளே பார்க்க, நடுவில் இரண்டரை சென்ரிமீற்றர் ஸ்பொஞ்ச். சுற்றிவர டேப்பைத் தளர்வாக ஒட்டுங்கள், இறுக்கினால் யாரும் அமுக்காமலே அது பாதி அமுங்கியிருக்கும்.

இப்போது அவசரப்படாமல் மல்டிமீட்டரை எடுத்து, சும்மா இருக்கும்போது எவ்வளவு தடை, நன்றாக அமுக்கினால் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். துண்டுக்குத் துண்டு இது மாறும். உதாரணத்துக்குச் சும்மா இருக்கும்போது 40 கிலோ ஓம், அமுக்கும்போது 2.5 கிலோ ஓம் என்று வைப்போம். சென்சரின் ஒரு வயர் 5 வோல்ட்டுக்கு, மற்ற வயர் ஆர்டுயினோவின் ஏ0 பின்னுக்கு (வோல்டேஜை வாசிக்கும் கால்), அதே ஏ0 இலிருந்து கிரவுண்டுக்கு ஒரு நிலையான தடையி. இந்தத் தடையியின் பெறுமதியைத் தெரிவு செய்வதில்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். இரண்டு எல்லைப் பெறுமதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 40 ஐ 2.5 ஆல் பெருக்கினால் 100, அதன் வர்க்கமூலம் 10, ஆக 10 கிலோ ஓம். அப்போது வெளியீடு சும்மா இருக்கையில் 5 × 10 ÷ 50, அதாவது 1 வோல்ட், முழுதாக அமுக்கினால் 5 × 10 ÷ 12.5, அதாவது 4 வோல்ட். கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய வீச்சு இதுதான். 1 கிலோ ஓமோ 1 மெகா ஓமோ போட்டுப் பாருங்கள், வீச்சு சுருங்கிவிடும். சென்சர் ஷோர்ட் ஆனாலும் 10 கிலோ ஓமூடாக அரை மில்லி அம்பியர்தான் போகும், எதுவும் எரியாது.

ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தருகிறது, ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். கோட் எழுதத் தெரியாவிட்டாலும் பயமில்லை, மென்பொருளின் எடுத்துக்காட்டுப் பட்டியலில் அடிப்படைப் பகுதியிலேயே 'அனலொக் ரீட் சீரியல்' இருக்கிறது, ஏற்றினால் ஏ0 இன் எண் திரையில் ஓடத் தொடங்கும். எண் நிற்காமல் ஆடினால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஏ0 இலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி ஒன்று. அப்புறம், நம் வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதன் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன், ஆகவே 20 மில்லிசெக்கன் முழுவதும் எடுத்த வாசிப்புகளைச் சராசரி செய்தால் மெயின் கரண்டின் இரைச்சல் தன்னாலேயே கழிந்துவிடும். இன்னொரு நல்ல விஷயம், சென்சருக்குக் கொடுக்கும் அதே 5 வோல்ட்டைத்தான் ஆர்டுயினோ ஒப்பிடவும் பயன்படுத்துகிறது, அதனால் யுஎஸ்பி வோல்டேஜ் 4.8 ஆக இறங்கினாலும் எண் மாறாது. சென்சரை வேறு பட்டரியில் போட்டால் இந்த வசதி போய்விடும்.

இதுவரை செய்தது விசை உணரி. காற்றின் அமுக்கத்தை அளக்க அதற்கு ஒரு வீடு வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் 2 அங்குல பிவிசி பைப் ஒரு சின்னத் துண்டும் அதற்கான இரண்டு மூடிகளும் வாங்குங்கள். ஒரு மூடியில் துளை போட்டு, மீன் தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாயைச் செருகி, காற்று கசியாதபடி சுற்றிவர ஒட்டி, அந்த மூடியை பிவிசி கம் பூசி பைப்பில் நிரந்தரமாக இறுக்குங்கள். பைப்பின் மறு வாயில் பலூனை வெட்டி, சுருக்கம் இல்லாமல், ஆனால் விறைக்க இழுக்காமல் போர்த்தி நூலால் கட்டுங்கள். அதன் மேல் பைப் வாயைவிடக் கொஞ்சம் சின்னதான ஒரு பிளாஸ்டிக் வட்டு, வட்டின் மேல் நமது ஸ்பொஞ்ச் சதுரம், அதன் மேல் இரண்டாவது மூடி. சதுரத்தின் மூலைகள் மூடியின் சுவரில் உரசினால் அரத்தால் வட்டமாக்குங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் உள்பக்கத்தை சாண்ட் பேப்பரால் தேயுங்கள். மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே மூடியை மெதுவாகத் தள்ளுங்கள், தடை இறங்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி டேப் சுற்றிவிடுங்கள்.

இரண்டாவது மூடியில் வயர் வெளியே வரும் துளையைப் பசை போட்டு அடைக்க வேண்டாம். அந்த ஓட்டையால்தான் வெளிக்காற்று பலூனின் பின்பக்கத்தைத் தொடுகிறது, அப்போதுதான் நீங்கள் அளப்பது வளிமண்டலத்துக்கு மேலான அமுக்கம். அடைத்துவிட்டால் உள்ளே சிக்கிய காற்று, கொழும்பு வெயிலில் வெறும் 3 பாகை சூடானாலே, 1 கிலோ பஸ்கால் அளவுக்குக் கூடிவிடும், அது 10 சென்ரிமீற்றர் தண்ணீருக்குச் சமம். காலையில் ஒரு வாசிப்பு, மத்தியானம் ஒரு வாசிப்பு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டி வரும்.

சரி, கலிபிரேசன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, தண்ணீரைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது. தெளிவான குழாய் இரண்டு மீற்றர் எடுத்து யு வடிவில் பலகையில் கட்டி, பாதிக்கு நிறம் கலந்த தண்ணீர் விடுங்கள். ஒரு டி இணைப்பின் மூன்று வாய்களில் ஒன்றில் யு குழாயின் ஒரு முனை, ஒன்றில் சென்சர், ஒன்றில் பாமசியில் வாங்கிய ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச். யு குழாயின் மறு முனை திறந்தே இருக்கட்டும். சிரிஞ்சைத் தள்ளினால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான முழு வித்தியாசத்தையும் எடுக்க வேண்டும், ஒரு பக்கம் ஏறியதை மட்டும் எடுத்தால் பாதிதான் வரும். 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் 1000 × 9.8 × 0.1, அதாவது 980 பஸ்கால். ஏ.எல். பௌதிகவியலில் மனனம் செய்த அதே சமன்பாடு. பலூனின் பரப்பு எவ்வளவு, வட்டு எவ்வளவு விசையைக் கடத்துகிறது என்றெல்லாம் கணக்குப் போட வேண்டியதில்லை, எல்லாம் இந்த ஒரே அட்டவணைக்குள் அடங்கிவிடும்.

5 சென்ரிமீற்றர் படியாக 40 வரை ஏறுங்கள், ஒவ்வொரு படியிலும் 30 செக்கன் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அதே படிகளில் இறங்குங்கள். ஏறும்போது வந்த எண்ணும் இறங்கும்போது வந்த எண்ணும் ஒன்றாக இராது. ஸ்பொஞ்ச் நசுங்கிய வேகத்தில் விரியாது, நசுங்கிய நிலையில் வைத்தாலும் மெல்ல மெல்ல இன்னும் அமுங்கும். இது உங்கள் கைவேலையின் குறை அல்ல, பொருளின் குணம், ஆகவே மறைக்காமல் இரண்டு கோடுகளையும் ஒரே வரைபில் போடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட அகலம்தான் உங்கள் கருவியின் நிச்சயமின்மை. வரைபில் எண்ணை நேரடியாகப் போட்டால் கோடு வளையும், எண்ணை (1023 − எண்) ஆல் வகுத்துப் போட்டால் அது ஸ்பொஞ்சின் கடத்துதிறனுக்கு விகிதசமமாக வரும், கோடும் எவ்வளவோ நேராகும். அதற்கும் மேலே சமன்பாடு தேடி அலைய வேண்டாம், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடாக எடுத்துக்கொள்வதே இந்தக் கருவிக்குப் போதுமான துல்லியம்.

எல்லையை மீறாதீர்கள். வெள்ளவத்தைப் பக்க அடுக்குமாடி ஒன்றில் ஒரு மாடிக்கு 3 மீற்றர் என்று வைத்தால், மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒவ்வொரு மாடி இறங்க குழாய்த் தண்ணீரின் அமுக்கம் 29 கிலோ பஸ்கால் கூடுகிறது. நமது சென்சர் 4 கிலோ பஸ்காலுக்குச் செய்தது, குழாய்த் தண்ணீரிலோ சைக்கிள் பம்பிலோ கொடுத்தால் மூடி தெறித்துப் பறக்கும். இரத்த அழுத்தம் பார்க்கவும் எடுக்க வேண்டாம், 120 மில்லிமீற்றர் இரசம் என்பது 16 கிலோ பஸ்கால், அது வேறு தரத்துக் கருவியின் வேலை. இதே வீச்சில் நல்ல சென்சர் வேண்டுமானால் எம்பிஎக்ஸ் 5010 இருக்கிறது, 0 முதல் 10 கிலோ பஸ்கால் வரை, 0.2 இலிருந்து 4.7 வோல்ட் வரை நேர்கோடாகத் தரும். அதற்குள்ளும் ஒரு மென்சவ்வும் அமுக்கத்தால் தடை மாறும் பொருளும்தான், பலூனுக்கும் ஸ்பொஞ்சுக்கும் பதில் சிலிக்கன்.

கடைசியாக, வேலைக்கு விட்டுப் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். சிரிஞ்சையும் யு குழாயையும் கழற்றிவிட்டு சென்சரின் குழாயை நேராக வாளிக்குள் இறக்குங்கள், உள்ளே சிக்கிய காற்று தண்ணீரின் ஆழத்துக்கு ஏற்றபடி அமுங்கும், வாஷிங் மெசினும் இப்படித்தான் தன் தண்ணீர் மட்டத்தை அறிகிறது. அதிக நேரம் விட்டால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வாசிப்பு இறங்கும், குழாயை வெளியே எடுத்துத் திரும்ப இறக்கினால் சரியாகிவிடும். சென்சர் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும், குழாயின் கீழ் வாய் வாளியின் அடியில் ஒட்டாமல் அரை அங்குலம் தூக்கிக் கட்டுங்கள்.