கீழ்ப்பிரிவுக் கால்பந்தாட்டக்காரரின் ஆட்டக்கணக்கைப் படிக்கும் முறை

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பந்தாடும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்து என்றால் பிரீமியர் லீக்கின் 20 அணிகள்தான். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்று பிரிவுகளிலும் தலா 24 அணிகள் ஆடுகின்றன. அங்கு ஆடும் ஒருவரின் ஆண்டுவாரி அட்டவணையைப் படிக்க முற்படுவோர், கோல் கணக்கை முதலில் தேடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

முதலில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இப்பிரிவுகளில் ஓர் அணிக்குப் பருவத்தில் 46 லீக் ஆட்டங்கள் உண்டு. நாற்பதைத் தொட்டவர் பயிற்சியாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். ஐந்தாறு ஆட்டங்களே இருந்தால் காயமா, பெஞ்சில் உட்கார வைத்தார்களா என்று அந்த ஆண்டின் செய்திகளில் தேட வேண்டும். தற்காலிகமாக வேறோர் அணிக்கு ஆட அனுப்பப்பட்டதைக் காட்டும் 'லோன்' என்ற குறிப்பைத் தோல்வியாகக் கருதிவிட வேண்டாம்; பின்னாளில் இங்கிலாந்து அணித் தலைவரான ஹாரி கேனே 2011இல் லீக் ஒன் பிரிவிலிருந்த லேட்டன் ஓரியன்ட் அணிக்கு அவ்வாறு அனுப்பப்பட்டவர்தான்.

அட்டவணையில் எதுவும் எழுதப்படாத இடைவெளிகளே, என் கணிப்பில், மிகுதியாகப் பேசுபவை. ரிக்கி லாம்பர்ட்டை பிளாக்பூல் அணி விடுவித்ததற்கும் மேக்கிள்ஸ்ஃபீல்ட் அணி 2001இல் சேர்த்துக்கொண்டதற்கும் இடையே சில மாதங்கள் வெறுமையாகத் தெரியும். அக்காலத்தில் அவர் பீட்ரூட் ஆலையில் கூலி வேலை செய்தார். பின்னர் ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் எனக் கீழ்ப்பிரிவுகளிலேயே உழன்று, 2009இல் சவுத்தாம்ப்டனை அடைந்தார். 2013இல், 31 வயதில், இங்கிலாந்துக்காக ஆடிய முதல் ஆட்டத்தில், மாற்று வீரராக இறங்கி ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் தொடுதலிலேயே தலையால் கோல் அடித்தார்.

ஆண்டுதோறும் அணி மாறியவரைக் கண்டால் நிலையற்றவர் என்று முடிவுகட்டாதீர்கள். பல ஒப்பந்தங்கள் ஓராண்டு, ஈராண்டுக்கே எழுதப்பட்டு ஜூன் 30 அன்று முடிகின்றன. யாரைத் தக்கவைக்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்ற பட்டியலைப் பருவம் முடிந்ததும் அணிகள் வெளியிடுகின்றன. வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்தவை.

கடைசியாக, முப்பத்தைந்து வயதையொட்டிய வரிகளைப் பாருங்கள். நம் கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணிபுரிந்துகொண்டே இந்தியாவுக்காக ஆடியதைப் போன்ற அரசுப்பணி அங்கே கிடைப்பதில்லை. ஆகவே பலரும் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் மட்டும் பயிற்சி நடத்தும் பகுதிநேர அணிகளுக்கு இறங்குகின்றனர்; 1907இல் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ., அடுத்த தொழிலுக்கான படிப்புக்கு உதவுகிறது.