காலடித் தடம் பிடிக்க நாயைப் பழக்குதல்

ஒருவர் நிலத்தில் நடந்து போனால் அவர் விட்டுச் செல்வது ஒரே ஒரு வாசனை அன்று. அவருடைய உடலிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் துகள்களும் வியர்வை மணமும் ஒரு பங்கு. அவர் பாதம் நசுக்கிய புல்லின் சாறும், மிதிபட்டுக் கிளறிய மண்ணிலிருந்து எழும் ஈர வாடையும் மற்றொரு பங்கு. முதல் பங்கு காற்றில் மிதந்து வரப்போரத்திலும் புதரடியிலும் போய்த் தங்கும். இரண்டாவது பங்கு காலடி பட்ட இடத்திலேயே கிடக்கும். வெட்டவெளியில் தடம் பிடிக்க நாயைப் பழக்குவது என்றால், காற்றில் வருவதைத் தலைதூக்கித் தேடாமல், தரையில் கிடப்பதை விடாமல் பற்றிக்கொண்டு, ஒரு காலடியிலிருந்து அடுத்த காலடிக்கு மூக்கைத் தாழ்த்தியபடியே செல்லப் பழக்குவதாகும். மோப்பம் பிடிக்க நாம் அதற்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்தத் தடத்தை மட்டும் பிடி, குறுக்கே எது வந்தாலும் விட்டுவிடு என்பதை மட்டுமே கற்றுத்தருகிறோம்.

1993இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைத் தடத்துக்குக் குறுக்காகக் கொண்டு வந்து விட்டபோது, அவை இரண்டு முதல் ஐந்து காலடிகளை மூன்று முதல் ஐந்து விநாடிகள் மோந்து பார்த்தே, நடந்தவர் எந்தத் திசையில் போயிருக்கிறார் என்பதை முடிவு செய்தன. பழக்குபவர் இந்தச் சில விநாடிகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். தடத்தின் தொடக்கத்தில் நாய் அசையாமல் நின்று மோந்துகொண்டிருக்கும்போது, பொறுமையில்லாதவர்கள் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கயிற்றை உலுக்குகிறார்கள். நாய் தன் முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருக்கும் நேரம் அதுதான்.

எந்த நாயைப் பழக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் இதற்கு எளிதில் இசைந்து வரும். நம் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகியவை பார்வையால் இரையைக் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை என்பதால், தொலைவில் ஒரு மயில் அசைந்தாலும் அவற்றின் தலை மேலே போய்விடும். அவற்றையும் பழக்க முடியும், ஆனால் அசைவில்லாத இடமும் கூடுதல் மாதங்களும் தேவைப்படும். நான் பழக்கியது மணி என்ற கோம்பை இனப் பெட்டை நாய். இனத்தைவிட, சாப்பாட்டில் ஆசையும் புது இடத்தில் அச்சமின்மையும் உள்ள நாயா என்று பார்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. எட்டு வாரக் குட்டியிலிருந்தே தொடங்கலாம் என்றாலும், தடுப்பூசிகள் முடியும்வரை வீட்டு முற்றத்தைத் தாண்டக் கூடாது. குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி, தெரு நாய்கள் திரியும் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தேவையான பொருள்கள் மிகச் சில. உடலில் அழுத்தாத ஒரு மார்ப்பட்டை, பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கயிறு, தடத்தை அடையாளம் வைக்கச் சில குச்சிகள், உணவுத் துண்டுகள், தண்ணீர், ஒரு சிறு குறிப்பேடு ஆகியவை போதும். மார்ப்பட்டையை இந்த வேலைக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு மாதத்துக்குள் அதைக் கையில் எடுத்தாலே இன்றைக்குத் தடம் பிடிக்கப் போகிறோம் என்று நாய் தெரிந்துகொள்ளும். உணவுக்குக் கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, ஈரம் வற்ற உலர்த்தி, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்கிறேன். பயிற்சி நாளில் காலைச் சாப்பாடு கிடையாது. தடத்தில் கிடைப்பதே அதன் காலை உணவு.

இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதில் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் பகல் முழுவதும் பழக்கலாம் என்பதுபோலப் பேசும். இங்கே காலை ஐந்தரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட நேரமே நமக்குரியது. பனி இறங்கிய மண்ணில் வாசனை தங்கும்; வெயில் ஏறினால் மேல்மண் உலர்ந்து வாசனை கலைந்துவிடும், நாயும் இளைக்கத் தொடங்கி வாயால் மூச்சு வாங்கும். வாயைத் திறந்து இளைக்கிற நாயால் மூக்கைச் சரிவரப் பயன்படுத்த முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாத வெப்பம் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். கடலை பிடுங்கி முடித்து, ஒரு மழை பெய்து, புல் முளைத்துக்கொண்டிருக்கும் செம்மண் காடு தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமான இடம். நம் காலடியும் கண்ணுக்குத் தெரியும், வாசனையும் நிற்கும்.

முதல் வாரத்தில் தடமே போட வேண்டாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரத்தில் மண்ணையும் புல்லையும் காலால் நன்றாக மிதித்து, அதற்குள் இருபது, முப்பது ஈரல் துண்டுகளைத் தூவுங்கள். நாயைச் சதுரத்தின் ஓரத்துக்குக் கொண்டு வந்து, "தேடு" என்று ஒருமுறை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மிதிபட்ட மண்ணுக்குள் சாப்பாடு இருக்கிறது, மிதிபடாத மண்ணில் ஒன்றுமில்லை என்பதை நாய் தானாகவே கண்டுகொள்ளும். அது சதுரத்தை விட்டு வெளியே போய், எல்லையில் தானாகத் திரும்பி உள்ளே வருகிற நாள் வரும். அந்த நாள் வந்த பிறகே அடுத்த கட்டம்.

எறும்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடு எதிலும் நான் இதைப் படித்ததில்லை. மணியை இரண்டாவது நாள் பழக்கியபோது, சதுரத்தை மிதித்து ஈரலைத் தூவிவிட்டு அவளைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒவ்வொரு துண்டின்மேலும் செவ்வெறும்பு மண் தெரியாதபடி மொய்த்திருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. முதல் துண்டை வாயில் எடுத்தவள் உதட்டில் கடிபட்டு, தலையை உதறி, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே பின்வாங்கினாள். அடுத்த நான்கு நாட்கள் மிதிபட்ட மண்ணுக்கு அருகே வரவே மறுத்தாள். அதன் பிறகு, பொழுது விடியும் முன்பே காட்டுக்குப் போய்விடுவது, தடம் போடும் முன் எறும்புப் புற்று இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, உணவு வைத்த தடத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் காக்க வைக்காமலிருப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். தடம் நெடுநேரம் ஆறவேண்டிய பிற்காலப் பயிற்சியில், மூடியில் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் ஈரலை வைத்து, நாய் அதைக் கண்டதும் நானே திறந்து கொடுக்கிறேன்.

சதுரத்திலிருந்து நேராகக் கிளம்பும் இருபது காலடித் தடமே முதல் தடம். காற்று உங்கள் முதுகில் படும் திசையில் நடக்க வேண்டும். எதிர்காற்றில் போட்டால், முன்னால் இருக்கும் ஈரலின் மணம் காற்றிலேயே வந்துவிடும், நாய் தலையைத் தூக்கி ஓடும். குதிகாலை முன் பாதத்தின் நுனிக்கு நெருக்கமாக வைத்து, அழுத்தி மிதித்து நடந்து, ஒவ்வொரு காலடியின் விரல் பக்கத்திலும் ஒரு துண்டை வையுங்கள். கடைசியில் ஒரு கைப்பிடி ஈரலை வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பாமல், தடத்திலிருந்து இருபது மீட்டராவது விலகிச் சுற்றிக்கொண்டு வாருங்கள்; வந்த வழியே திரும்பினால் இரண்டு தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, நாய்க்குத் திசை குழம்பிவிடும். இருபது அடியைத் தலைதூக்காமல் முடிக்கும் நாய்க்கு நாற்பது, அது முடிந்தால் நூறு என்று நீட்டிக்கொண்டு போகலாம். உணவைக் குறைப்பது அதற்குப் பிறகுதான். அதுவும் இரண்டடிக்கு ஒன்று, மூன்றடிக்கு ஒன்று என ஒழுங்காகக் குறைத்தால் நாய் இடையில் உள்ள அடிகளைத் தாண்டக் கற்றுக்கொள்ளும். ஆகவே ஐந்து அடி வெறுமையாகவும், அடுத்த மூன்றடியில் உணவோடும், பின்னர் ஒன்பதடி வெறுமையாகவும் மாற்றி மாற்றி வையுங்கள்.

கயிற்றைக் கையாளும் முறையில்தான் பெரும்பாலான நாய்கள் கெடுகின்றன என்று உறுதியாகச் சொல்வேன். தொடக்கத்தில் ஒரு மீட்டர் இடைவெளி போதும். கயிற்றை முன்னங்கால்களுக்கு இடையே கீழாக விட்டால் இழுவை தலையைத் தாழ்த்தவே உதவும். நாய் முன்னேற முன்னேறக் கயிற்றை நழுவவிட்டு, சில மாதங்களில் பத்து மீட்டர் பின்னால் நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். தடத்தின்மேல் இருக்கும் நாயின் கயிறு ஒரே சீரான விறைப்போடு இருக்கும். மூக்கிலிருந்து 'புஸ் புஸ்' என்று விடாத ஒலி கேட்கும். வால் ஓர் உயரத்திலேயே நின்று ஆடும். தடம் விட்டுப்போன கணத்தில் அந்த ஒலி நிற்கும், கயிறு தளரும், தலை ஒரு சாண் உயரும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, நின்ற இடத்திலேயே நிற்பது ஒன்றுதான். கூப்பிடவோ, கையைக் காட்டவோ, "அங்கே பார்" என்று சொல்லவோ வேண்டாம். நாய் கயிற்றின் நீளத்துக்குள் வட்டமிட்டு, தடத்தை மீண்டும் தொட்டு, கயிறு விறைத்த பிறகே காலெடுத்து வையுங்கள்.

திருப்பங்களுக்கு வரும்போது இந்தப் பொறுமை சோதிக்கப்படும். முதலில் தடத்தை வில்போல மெல்ல வளைத்து, அடிக்கு அடி உணவு வைத்துப் பழக்கி, அதன் பிறகு சில வாரங்களில் வளைவை இறுக்கிச் செங்கோணமாக்க வேண்டும். திருப்பம் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு என் தவறே சான்று. என் தம்பி போட்ட ஒரு தடத்தில், வலப்புறம் நின்ற கருவேல மரத்துக்கு நேரே திரும்பியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணி அதைத் தாண்டி நேரே போனாள். தப்புச் செய்கிறாள் என்று கயிற்றைப் பிடித்து இழுத்து, மரத்தின் பக்கமாகத் திருப்பினேன். தம்பி திரும்பியது அதற்கு அடுத்த மரத்தில். சரியான தடத்தில் தலைதாழ்த்திப் போய்க்கொண்டிருந்தவளை நானே பிடுங்கி எறிந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல், ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் போக்க மீண்டும் ஈரல் வைத்த குறுந்தடங்களுக்கே போக வேண்டியதாயிற்று. இப்போது திருப்பத்துக்கு ஓரடி தள்ளி ஒரு குச்சியை நட்டு, குறிப்பேட்டில் மரத்தையும் வரப்பையும் வைத்து வரைபடமும் போட்டுக்கொள்கிறேன். குச்சியைப் பார்த்தே நாய் திரும்பக் கற்றுவிடாதபடி, திருப்பமில்லாத இடங்களிலும் சில குச்சிகளை நடுகிறேன்.

திருப்பங்களை நாய் தானாக முடிக்கத் தொடங்கியதும் தடத்தை ஆறவிடலாம். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். சற்று ஆறிய தடம் புதுத் தடத்தைவிட நாய்க்கு எளிதாயிருப்பதை நீங்கள் காணலாம். காற்றில் தொங்கும் மனித மணம் கலைந்து, மிதிபட்ட மண்ணின் வாடை மட்டும் தரையில் நிற்பதே இதற்குக் காரணம். அடுத்து, வேறு ஆட்களைத் தடம் போடச் சொல்ல வேண்டும். எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு நடத்தும், ஐ.ஜி.பி. எனப்படும் வேலை நாய்த் தேர்வின் விதிகள் இதற்கு நல்ல அளவுகோல். முதல் நிலையில் நாயை நடத்துபவரே போட்ட 300 அடித் தடம், 20 நிமிடம் ஆறியது. இரண்டாம் நிலையில் அந்நியர் போட்ட 400 அடித் தடம், 30 நிமிடம் ஆறியது. மூன்றாம் நிலையில் அந்நியர் போட்ட 600 அடி, நான்கு திருப்பங்கள், நாய் கண்டு அறிவிக்கத் தடத்தில் போட்ட மூன்று பொருள்கள், ஒரு மணி நேரம் ஆறியது. இங்கே அடி என்பது அளவுகோலின் அடி அன்று, நடக்கும்போது எடுத்து வைக்கும் ஒரு காலடி. முதல் நிலைக்கே எனக்கும் மணிக்கும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் வருந்த ஒன்றுமில்லை.

தடத்தில் கிடக்கும் பொருளை அறிவிக்கக் கற்றுத்தருவதைத் தனியாக, வீட்டிலேயே செய்யுங்கள். நீங்கள் கையில் வைத்திருந்த ஒரு தோல் துண்டையோ மரத் துண்டையோ தரையில் வைத்து, நாய் அதன் முன்னால் படுத்ததும் ஈரலை அந்தப் பொருளின் மேலேயே வைத்துக் கொடுத்தால், ஓரிரு வாரத்தில் பொருளைக் கண்டதும் படுத்துவிடும். பிறகு அதைத் தடத்தின் முடிவில் வையுங்கள். இடையில் வைப்பது கடைசி.

சிலர் முயலையோ காட்டுப்பன்றியையோ தடம் பிடிக்கப் பழக்க விரும்புகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாயை விட்டு முயல் வேட்டையாடுவது குற்றம். அது மட்டுமல்லாமல், விலங்கின் தடத்தில் ஒருமுறை சுவை கண்ட நாயை மனிதத் தடத்தில் நிறுத்தி வைப்பது மிகவும் கடினம். பயிற்சியின் நடுவே முயல் குறுக்கே ஓடி, நாய் தடத்தை விட்டுப் பாய முனைந்தால், அதட்டாமல் கயிற்றை இறுக்கி நின்றுகொள்ளுங்கள். அது தானாகத் தடத்துக்குத் திரும்பிய கணத்தில், பையிலிருந்து ஒரு துண்டை அந்தக் காலடியிலேயே வையுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தடம் போதும். மோப்பம் பிடிப்பது ஓடுவதைவிட நாயைக் களைப்பாக்கும். தடம் முடிந்ததும் மார்ப்பட்டையைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாதங்களின் இடுக்கில் நெருஞ்சி முள் இருக்கிறதா, காதின் உள்மடிப்பிலும் கழுத்தடியிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூச்சு சீரடைந்து அரைமணி நேரம் ஆன பிறகே மீதிச் சாப்பாட்டைத் தட்டில் வைக்க வேண்டும்.