கேஷ் நம் காசிலிருந்து போனதா? ஒரு சொல்லின் வேரை நீங்களே தோண்டுவது எப்படி

"ஆங்கிலேயனின் கேஷ் நம் காசிலிருந்து போனது" என்ற வாட்ஸ்அப் செய்தியைக் குடும்பக் குழுவில் பெருமையாகப் போட்டவன் நான். "ஆதாரம்?" என்று சித்தப்பா ஒற்றைச் சொல்லில் கேட்டார். அன்றிரவு தேடியதை வரிசையாகத் தருகிறேன்.

படி 1. அகராதியைத் திறக்கும் முன், உங்களுக்குத் தெரிந்த அர்த்தங்களை ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் வந்தவை: ரொக்கம், செக்கைப் பணமாக்குவது, நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீனச் செப்புக்காசு. மூன்றாவதை எழுதும்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

படி 2. ஆங்கிலச் சொற்களின் வேரைச் சொல்லும் எட்டிமான்லைன் (etymonline) தளத்தில் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இன்னும் ஆழமானது, ஆனால் சந்தா கேட்கும். தொடங்குபவருக்கு இலவசமே போதும்.

பதிவைப் பார்த்ததும் எனக்கு முகம் வாடிவிட்டது. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், 1590-களில் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குப் பின்னால் இத்தாலியின் காஸா, அதற்கும் பின்னால் லத்தீனின் காப்ஸா. பொருள், பெட்டி! முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், பிறகு உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. "படம் நல்லா கல்லா கட்டுது" என்கிறோமே, கடைக்காரரின் பெட்டியையா சொல்கிறோம்? அதே கதைதான்.

படி 3. நான் வழுக்கி விழுந்த இடம் இது. பதிவைப் பாதியில் மூடிவிட்டு, "எல்லாம் புருடா" என்று குழுவில் எழுதப் போனேன். கடைசி வரி வரை வாசியுங்கள். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் இருக்கின்றன. என் தாளில் மூன்றாவதாக எழுதிய சீனச் செப்புக்காசு போன்ற சிறு நாணயத்தைக் குறிக்கும் இரண்டாவது கேஷ், அசல் நம் காசு. போர்த்துகீசியர் அதைக் கைஷா என்றார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றாலே பெட்டி! தெரிந்த சொல்லின் அச்சில் காசை வார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அதனால் சத்தம் ஒத்துப்போவதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனித்தனியாக வேர் தேடுங்கள்.

படி 4. இந்தியத் தொடர்புள்ள சொல் என்றால் ஹாப்சன்-ஜாப்சன் பாருங்கள். யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வந்த அகராதி. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். எனக்கு மிகப் பிடித்த கருவி இதுதான், சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குள் போன கதை எல்லாம் இதில் கிடைக்கும்.

சென்னைக்காக இங்கிலாந்தில் 1803-ல் அடித்த செப்பு நாணயம் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், மறுபுறம் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் கேஷ். அந்தக் கணக்கில் 80 காசு சேர்ந்தால் பணம் என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்று. அந்தப் பணத்தையும் ஆங்கிலேயர் ஃபனம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நாணயப் படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

பின்சேர்க்கை: "பழைய ராணுவக் கதைகளில் அதிகாரியைக் கேஷியர் செய்தார்கள் என்று வருகிறதே, கஜானா வேலையா கொடுத்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை, பதவியைப் பறித்து விரட்டினார்கள். அந்த வினைச்சொல் டச்சு வழியாக வந்தது, பிரெஞ்சில் உடைப்பது, ரத்து செய்வது என்ற பொருளுள்ள காஸேயிலிருந்து. பெட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. படி 3-ஐ நானே மறந்து, முதலில் அவருக்குத் தப்பாகப் பதில் எழுதி அழித்தேன்.