அணில் கடித்த காளானை நம்பலாமா?

குமுளிப் பக்கம் ஏலக்காட்டில் நாலு இடி இடித்துவிட்டால் காளான் பேச்சுதான். போன மழையில் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி ஒரு வெள்ளைக் காளானைக் காட்டி, "அணிலே தின்னிருக்கு, நமக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். உயிருக்கே உலை வைக்கும் தவறு இதுதான். கொல்லும் காளான்கள் சிலவற்றில் இருக்கும் அமடாக்சின் நஞ்சு எலியின் குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படுவதில்லை, அதனால் ஒரு விலங்கு தின்றது நமக்குச் சான்றாகாது. மனிதனுக்கோ 6 மணி நேரம் கழித்தே வாந்தி, பேதி தொடங்கும், நடுவில் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் கல்லீரல் போகும்.

அதைக் கடித்தது அணில்தானா என்பதே சந்தேகம். எலி, அணில் பல் என்றால் இணையாக இரண்டு கீறல் தெரியும். ஓரம் வழவழவென்று இருந்து பக்கத்தில் கோழைத்தடம் மின்னினால் அது நத்தை வேலை. மூஞ்சூறையும் எலிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பூச்சி தின்னும் வேறு இனம்.

எலி காளானைத் தின்று அழிக்கிறது என்பதும் பாதி உண்மைதான். மண்ணுக்கடியிலேயே விளையும் டிரஃபிள் என்ற காளான் வகைகளுக்குக் காற்றில் வித்து பரப்ப வழியில்லை. அதனால் முற்றியதும் வாசம் விட்டு எலியைக் கூப்பிடுகின்றன. எலி தோண்டித் தின்கிறது, கெட்டித் தோல் கொண்ட வித்துத்துகள் செரிக்காமல் புழுக்கையோடு வேறு இடத்தில் விழுந்து, அங்குள்ள மர வேரோடு ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் ஊசியிலைக் காடுகளை வைத்து மேசர், டிராப், நஸ்பாம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978இல் விரிவாக எழுதியது இதைத்தான்.

அதைப் படித்துவிட்டு நம் மலைக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே மரங்களின் வேரோடு கூட்டுச் சேர்வது பெரும்பாலும் காளான் விடும் பூஞ்சை. இங்கே வெள்ளைக் குங்கிலியம் போன்ற சில மரங்களில்தான் அப்படி. மற்ற பெரும்பாலான மரங்களின் வேரில் இருப்பது குடைக்காளானே விடாத பூஞ்சை வகை.

எலி என்ன தின்றது என்று அறிய அதன் புழுக்கையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர்களும் சறுக்குவதுண்டு. வித்துத்துகள் நிறைய தெரிந்தால் எலி காளானை நிறையத் தின்றது என்று எழுதிவிடுகிறார்கள். பழச்சதையும் புழுவும் கரைந்துபோகும், வித்து கரையாது, அதனால் கணக்கு ஒரு பக்கம் சாயும். காளான் தின்ற வண்டை எலி தின்றாலும் அதே வித்துதான் தெரியும்.

புழுக்கை பொறுக்கும்போது கையுறை கட்டாயம். அந்த இடத்தில் எலி மூத்திரமும் இருக்கும், கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறிவிடலாம்.