மாணவர் மன்றத்துக்கு விதிகள் எழுதுவது எப்படி?

மன்றம் தொடங்கி, போஸ்டர் ஒட்டி, முதல் கூட்டமும் போட்டாயிற்று. பதிவு செய்யப் போனால் பல்கலைக்கழகத்தில் "அமைப்பு விதிகள் எங்கே?" என்று கேட்கிறார்கள். பலரும் வேறொரு மன்றத்தின் கோப்பை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு. எல்லாரும் நண்பர்களாக இருக்கும்வரை அதில் சிக்கல் தெரியாது. ஒரே பதவிக்கு இரண்டு பேர் முட்டிக்கொள்ளும் அன்றுதான் அந்தக் காகிதத்தைத் தேடி எடுப்பார்கள். அந்த நாளை மனதில் வைத்து எழுதுங்கள்.

படி 1: மேலே இருப்பதைப் படியுங்கள்

உங்கள் விதிகளுக்கு மேலே பல்கலைக்கழக விதிகள், அதற்கும் மேலே நாட்டின் சட்டம். இவற்றோடு முரண்படும் எதுவும் உங்கள் காகிதத்தில் நிற்காது. மாதிரிப் படிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கட்டாய வாசகங்கள் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சொந்த நடை வேண்டாம்.

படி 2: இரண்டாகப் பிரியுங்கள்

பெயர், நோக்கம், யார் உறுப்பினராகலாம், பதவிகள், தேர்தல், திருத்தும் முறை ஆகியவை அமைப்பு விதிகளில். சந்தாத் தொகை, கூட்டம் நடக்கும் கிழமை, துணைக்குழுக்கள் போன்றவை துணை விதிகளில். அடிக்கடி மாறக்கூடியதைத் துணை விதிகளில் வைத்து, அவற்றைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம் என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்தக்கூடப் பெரிய திருத்தம் கொண்டுவர வேண்டியிருக்கும்.

படி 3: பதவிக்கு வேலையை எழுதுங்கள்

"பொருளாளர் நிதியைக் கவனிப்பார்" என்பதால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "பொருளாளர் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்திருப்பார். மாதம் ஒருமுறை செயற்குழுவில் கணக்குக் காட்டுவார். பணம் எடுக்கத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும்." நடுவில் ஒருவர் விலகினால் யார் நிரப்புவது, எத்தனை நாளுக்குள் என்பதையும் சேருங்கள். மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்புகள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் புதியவர்களிடம் ஒப்படைக்க ஒரு கெடு வையுங்கள்.

படி 4: எண்களில் நேரம் செலவிடுங்கள்

சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். உங்களிடம் 60 உறுப்பினர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு வருவது 24 பேர். கோரம் (முடிவெடுக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) பாதி, அதாவது 30 பேர் என்று எழுதியிருந்தால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் 20 போதும், கூட்டம் நடக்கும். அல்லது கடைசி மூன்று கூட்டங்களில் ஒன்றுக்காவது வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுக்கலாம். அப்படியானால் வருகைப் பதிவேட்டை ஒழுங்காகப் பராமரிக்க ஆள் வேண்டும்.

அப்புறம் திருத்தம். "மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். எதில் மூன்றில் இரண்டு? மொத்த உறுப்பினர்களில் என்றால் 40 பேர் வேண்டும், வந்ததே 24. வந்தவர்களில் என்றால் 16. அவர்களில் 6 பேர் வாக்களிக்காமல் இருந்து, பதிவான வாக்குகளை மட்டும் எண்ணினால் 12 போதும். நான் கடைசி முறையைத்தான் எடுத்துக்கொள்வேன். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறைக் கையேட்டின் வழிவந்த இன்றைய பதிப்பும் வழக்கமான மூன்றில் இரண்டை அப்படித்தான் கணக்கிடுகிறது. "இங்கே சொல்லப்படாத விஷயங்களுக்கு இன்ன கையேடு பொருந்தும்" என்று ஒரு வரி சேர்த்தால் பாதித் தலைவலி குறையும்.

வாக்குகள் சமமானால் என்ன செய்வது என்பதையும் மறக்காதீர்கள். தலைவர் ஏற்கெனவே வாக்களித்திருந்தால் அவருக்கு இன்னொரு வாக்கு உண்டா, இல்லையா?

படி 5: கசப்பான இரண்டு விதிகள்

ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குவதென்றால் முன்னறிவிப்பு, அவர் பதில் சொல்ல வாய்ப்பு, ரகசிய வாக்கெடுப்பு மூன்றும் வேண்டும். மன்றத்தைக் கலைத்தால் மீதிப் பணம் எங்கே போகும் என்பதற்கு ஒரு வரி போதும்.

படி 6: நிறைவேற்றுங்கள்

வரைவை மன்றத்தில் இல்லாத ஒரு நண்பரிடம் கொடுத்து, "தலைவர் திடீரென்று விலகினால் அடுத்து என்ன?" என்று கேளுங்கள். அவரால் காகிதத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லையென்றால் அந்த விதியைத் திருத்துங்கள். பிறகு வரைவை எல்லா உறுப்பினர்களுக்கும் முன்கூட்டியே அனுப்பி, பொதுக்குழுவில் வாக்கெடுத்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். முதல் பக்கத்தில் நிறைவேறிய தேதி இருக்கட்டும். கோப்பை மன்றத்தின் பொதுக் கணக்கில் வையுங்கள், செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் அல்ல.