பூச்சு வேலைக்கு காண்ட்ராக்டர் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஸ்திவாரம் போடும்போது கம்பியை எண்ணுகிறார்கள். கான்கிரீட் போடும் நாளில் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி ஓசை கேட்கிறார்கள். பூச்சு வேலை வரும்போது ஆளும் களைத்திருப்பார், கையிருப்பும் கரைந்திருக்கும், யாராவது வந்து பூசிக் கொடுத்தால் போதும் என்று ஆகிவிடும். மழையும் வெயிலும் நேராக மோதுவது அந்தப் பூச்சின் மேல்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் சறுக்கிய இடங்களிலேயே புதிதாக வீடு கட்டுகிறவர்களும் வரிசையாகச் சறுக்குவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். நாலு பேரிடம் விலை கேளுங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

போன மாதம் முடித்த வீட்டைப் பார்த்து மயங்குவது

பெயிண்ட் வாசனை போகாத சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலமாவது தாண்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போனதும் சுவரின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரங்களைப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், பீமும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோடு கிழித்தது போன்ற விரிசல், கைப்பிடிச்சுவருக்குக் கீழே ஈரத் திட்டு, தரையை ஒட்டி உதிர்ந்த பூச்சு, வேலையின் தரம் இங்கெல்லாம்தான் வெளியே வரும். விரல் மூட்டால் தட்டிக்கொண்டே நடந்தால் நன்றாகப் பிடித்த இடம் கெட்டியாக ஒலிக்கும், பிடிக்காத இடம் பானையைத் தட்டியது போல டொப்பென்று கேட்கும். முடிந்தால் காண்ட்ராக்டர் இல்லாதபோது வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: விரிசல் வந்து கூப்பிட்டபோது அவர் வந்தாரா?

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவது

ஒருவர் சொன்ன விலையும் இன்னொருவர் சொன்ன விலையும் ஒரே வேலைக்கானதா என்று பார்க்காமல் குறைவாகச் சொன்னவரைப் பிடிப்பது. வெளிச்சுவருக்கு வழக்கமாக இரண்டு பூச்சாக மொத்தம் 20 மில்லிமீட்டர் வரும், ஒரே தடவையில் 15 மில்லிமீட்டருக்கு மேல் அப்பினால் கலவை தன் எடையிலேயே தொய்ந்து விரியும். ஒரே பூச்சில் முடிக்கிறவர் விலை குறைத்துச் சொல்வதில் ஆச்சரியமில்லை. சிமெண்ட்டும் மணலும் என்ன விகிதம் (வெளிப்புறத்துக்கு 1:4 அல்லது 1:5 என்பது பொதுவான கணக்கு), சாரம் யாருடையது, கோழிவலை (கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் அடிக்கும் கம்பிவலை) விலையில் சேர்ந்ததா, ஜன்னல் திறப்புகளைக் கழித்து அளப்பாரா, ஓரம் பிடிப்பதற்குத் தனிக் கூலியா, கீழே விழுந்த கலவையை யார் அள்ளுவது, இத்தனையும் ஒரு தாளில் வந்தால்தான் இரண்டு விலையை அருகருகே வைக்க முடியும்.

சுவரை நனைப்பது யார் பொறுப்பு என்று எழுதாமல் விடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான், ஏனென்றால் இது ஒரு வரியில் தீர்ந்துபோகிற விஷயம், அந்த ஒரு வரியை யாரும் எழுதுவதில்லை.

சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து கெட்டியாகிறது, தண்ணீர் தீர்ந்த இடத்தில் அந்த வினையும் நின்றுபோகும். ஓர் அடி கனமான தூணுக்குள் ஈரம் கொஞ்ச நாள் தங்கும். பூச்சு மெல்லிய தோல், வெளியே வெயிலும் காற்றும் இழுக்க, உள்ளே செங்கல் உறிஞ்ச, இரண்டு பக்கமும் ஈரம் பறிபோகும். அதனால்தான் பூசுவதற்கு முன்பே செங்கல் சுவரை நனைப்பதும், பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாளாவது ஈரம் குறையாமல் பார்ப்பதும். பையில் வரும் ரெடிமிக்ஸ் கலவை என்றால் அந்தப் பையில் அச்சிட்டதைப் பின்பற்ற வேண்டும், அது வேறு கணக்கு.

நான் பார்த்த ஒரு மாடி வீட்டில் எல்லாமே சரியாக இருந்தது, மணல் நல்ல மணல், கொத்தனார் கை சுத்தம், ஓரமெல்லாம் நூல் பிடித்தது போல நேர். நனைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு காண்ட்ராக்டர் சொன்னது, "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்." வீட்டுக்காரர் அதைக் காண்ட்ராக்டரின் ஆட்கள் நனைப்பார்கள் என்று புரிந்துகொண்டார். காண்ட்ராக்டரோ வீட்டுக்காரர் காவலாளியை வைத்திருக்கிறாரே என்று விட்டுவிட்டார். காவலாளியும் காலையில் ஒரு தடவை குழாயைப் பிடித்தார், ஆனால் தண்ணீர் கீழ்ச்சுவரோடு நின்றுவிட்டது, சாரத்தையும் அதற்குள் அடுத்த வேலைக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போனபோது கீழ்ப்பாதி கருத்த சாம்பல் நிறம், மேல்பாதி வெளுத்துப்போய் இருந்தது. மாடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெளிச்சுவரை விரலால் தேய்த்தேன், மணல் பொடிப்பொடியாக விரலோடு வந்தது. அப்புறம் விரிசல்கள் வரைபடம் போலச் சுவர் முழுக்கப் பரவின. மேற்குப் பக்கம் வெயில் பட்ட சுவர் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பச் சாரம், இடிபாட்டை அள்ளும் கூலி, கொத்தும்போது அடிபட்ட ஜன்னல் சட்டங்கள், மறுபடி பூச்சு என்று முதல் வேலையைவிடச் செலவு கூடுதலாகப் போனது. காண்ட்ராக்டர் நியாயமாகத்தான் கேட்டார்: "நனைக்கிறது என் வேலைன்னு எங்க சார் எழுதியிருக்கு?"

நல்ல கொத்தனார், நல்ல மணல், கொடுத்த கூலி எல்லாம் ஒரு குழாய் எட்டாததால் வீணாகப் போனது. அந்தச் சுவரைக் கொத்துவதை நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் மட்டும் கூச்சப்படாமல் துருவிக் கேளுங்கள். எத்தனை நாள் நனைப்பீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? மாடிச் சுவருக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? அதுவரை சாரம் நிற்குமா? ஆட்கள் விடுமுறை எடுக்கும் நாளில் யார் வருவார்? வேலை தெரிந்தவர் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார், சிலர் அவர்களாகவே பூசிய தேதியைக் கரியால் சுவரில் எழுதி வைப்பார்கள், அப்படிப்பட்டவரை விடாதீர்கள். "நீங்களே நனைச்சுக்கோங்க" என்று சொல்பவரையும் தள்ளிவிட வேண்டாம், நேர்மையாகச் சொல்லிவிட்டார், அதற்கு நீங்கள் ஆள் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் தாளில் இருக்க வேண்டும். பாத்துக்கலாம் என்ற பதிலோடு மட்டும் எழுந்து வராதீர்கள்.

பேசுகிறவர் ஒருவர், பூசுகிறவர் வேறொருவர்

விலை பேசியவர் வேலையை இன்னொருவரிடம் கைமாற்றிவிடுவது சகஜம். உங்கள் சுவரில் கை வைக்கப்போகும் கொத்தனார் யார், முடியும்வரை அவர்தான் இருப்பாரா என்று கேளுங்கள். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சுவரை முதலில் பூசச் சொல்லி, அது பிடித்திருந்தால் மற்றதை ஆரம்பிக்கலாம்.

மூடுவதற்கு முன் பார்க்காதது

கான்கிரீட் தூணும் பீமும் வழுவழுப்பாக இருக்கும், அதைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசினால் பிடிக்காது. கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் படும்படி கோழிவலை அடிக்க வேண்டும். சுவரை வெட்டிப் பதிக்கும் குழாய் வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். பூசிய பிறகு இதில் எதையும் யாராலும் நிரூபிக்க முடியாது. நான் பார்த்து சரி சொன்ன பிறகுதான் கலவை ஏற வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்படியே சாப்பாட்டு இடைவேளை முடிந்த நேரத்தில் ஒரு நடை போங்கள். இடைவேளைக்கு முன் கலந்த குவியலில் தண்ணீர் தெளித்து மறுபடி கிளறினால் அதை வெளியே கொட்டிவிடச் சொல்லுங்கள், தண்ணீர் சேர்த்த கலவை ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். ஈரப் பூச்சின் மேல் உலர்ந்த சிமெண்ட்டைத் தூவி மினுமினுப்பாகத் தேய்ப்பதையும் அங்கேயே நிறுத்துங்கள், மயிரிழை விரிசலுக்கு அதுதான் நேர்வழி.

மழை கட்டிக்கொண்டிருக்கும் நாளில் வெளிப்பூச்சு

வேண்டாம்.

வாய்வார்த்தை உத்தரவாதம்

எத்தனை மாதம், எந்த மாதிரி விரிசலுக்கு, யார் செலவில். மூன்றும் எழுத்தில்.

பூச்சு முடிந்ததும் பெயிண்டரைக் கூப்பிடுவது

நாலு வாரம் பொறுங்கள். புதிதாகப் பூசிய சுவரில் உள்ள காரத்தன்மையும் ஈரமும் பெயிண்டை உரிக்கும், வெள்ளை உப்புப் பூக்க வைக்கும். அதைவிட முக்கியமாக, சுருங்குவதால் வரும் விரிசலில் பெரும்பாலானவை இந்த நாட்களில்தான் வெளியே தெரியும். அதற்குள் பட்டி பார்த்துவிட்டால் விரிசல் மறைந்துபோகும், பின்னால் திரும்ப வரும்போது காண்ட்ராக்டர் பெயிண்டரையும் பெயிண்டர் காண்ட்ராக்டரையும் கைகாட்டுவார்கள். எனவே கடைசித் தவணையை அந்த நாலு வாரம் முடியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று முதல் நாளே பேசுங்கள். அந்த நாளில் காண்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போங்கள், டொப்பென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் கட்டம் போட்டுக் குறியுங்கள். அவர் அந்தக் கட்டங்களை நேராக வெட்டி எடுத்து, திரும்பப் பூசி, நனைத்து முடித்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.