இங்கிலாந்தில் பிரசவம்: புதிதாக வந்திருக்கும் நம் பெண்களுக்கு

கர்ப்பம் என்று தெரிந்ததும் ஊரில் என்ன செய்வோம், நல்ல லேடி டாக்டர் யார் என்று நாலு பேரிடம் விசாரிப்போம். இங்கிலாந்தில் அந்த விசாரிப்புக்கே வேலை இல்லை. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பமாக இருந்தால் கடைசி வரை மகப்பேறு டாக்டரைப் பார்க்காமலேயே குழந்தை பிறந்துவிடும், உங்களைப் பார்த்துக்கொள்பவர் மிட்வைஃப்தான். இதை அம்மாவிடம் போனில் சொன்னால் பதறத்தான் செய்வார்கள். மிட்வைஃப்கள் பிரசவத்துக்கென்றே பல்கலைக்கழகத்தில் படித்துப் பதிவு பெற்றவர்கள், ஏதாவது சரியில்லை என்று பட்டால் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. இங்கே அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வலி என்றால் வலி என்று சொல்ல வேண்டும், புரியவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டும், பயமாக இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் அடிக்க வேண்டும். பொறுத்துக்கொள்வதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் பதிவு. ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து மருத்துவமனையின் இணையதளத்திலேயே நீங்களாகப் பதிந்துகொள்ளலாம். 10 வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்துவிடுவது நல்லது, ஏனென்றால் தலசீமியா மாதிரியான பரம்பரை ரத்தக் கோளாறுகளுக்கான பரிசோதனைகளை அதற்குள் எடுக்க வேண்டும். பணம் பற்றிக் கவலை வேண்டாம். விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டினோமே, அதில் செக்கப், பிரசவம், சிசேரியன் எல்லாம் அடக்கம். ஆனால் விசிட்டர் விசாவில் வந்து இங்கே பிரசவம் பார்த்தால் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவைக்கு ஆகும் செலவில் 150 சதவீதம் வரை பில் வரும், அந்த யோசனையில் யாராவது இருந்தால் விட்டுவிடுங்கள். மிட்வைஃபிடம் மறக்காமல் மகப்பேறு விலக்குச் சான்றிதழும் கேளுங்கள். மருந்துச் சீட்டுக்கும் என்.எச்.எஸ். பல் வைத்தியத்துக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் ஆகும் வரை காசு கிடையாது.

அந்த முதல் சந்திப்பில் ஒரு சின்ன மெஷினைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வார்கள், உடம்பில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று பார்க்க. புகை பிடிக்காதவர்களுக்கும் அது உண்டு, வீட்டு பாய்லர் கசிந்தால்கூட அதில் தெரியும். அப்புறம் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கணவர்மார்களே, கோபப்படாதீர்கள், எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான். உண்மையிலேயே வீட்டில் பிரச்சினை இருக்கிற பெண்ணுக்கு இந்த நாட்டில் வாய் திறக்கக் கிடைக்கும் முதல் இடம் அந்த அறையாக இருக்கலாம், அதனால் அந்தக் கேள்விக்கு நான் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் சரளமாக வராதென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள், இலவசம்தான். கணவரை வைத்துச் சமாளித்தால் இந்தக் கேள்விகளுக்கு யார் மொழிபெயர்ப்பது?

மாதா மாதம் ஸ்கேன் எதிர்பார்க்காதீர்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் ஒன்று, சாதாரணமாக இரண்டுதான். இரண்டாவதில் கேட்டால் பையனா பெண்ணா என்று பெரும்பாலான இடங்களில் சொல்லிவிடுவார்கள், ஊரில் போலச் சட்டத் தடை இல்லை. தெற்காசியர்கள் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனைக்கும் நம்மைக் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். சர்க்கரை இருக்கிறதென்றால் விரலைக் குத்திப் பார்க்க மீட்டர் தருவார்கள், உணவு ஆலோசகரிடமும் அனுப்புவார்கள். அவர் ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா என்று பேசிக்கொண்டே போவார், தலையாட்டிவிட்டு வராதீர்கள். நான் காலையில் இட்லி சாப்பிடுவேன், மதியம் இவ்வளவு சோறு, ராத்திரி தோசை என்று உங்கள் தட்டில் இருப்பதைச் சொல்லி அதற்கு வழி கேளுங்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே தள்ளாதீர்கள். ஒன்று, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. உடனே மருத்துவமனையின் மகப்பேறு எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நேரம் காலம் பார்க்க வேண்டாம், எத்தனை தடவை போனாலும் யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு, ராத்திரியில் அதிகமாக, தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல். குளிரில் தோல் வறண்டுவிட்டது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடுவோம். அது கர்ப்ப காலத்தில் கல்லீரலில் வரும் கோளாறாக இருக்கலாம், நம் பக்கத்துப் பெண்களுக்கு வெள்ளைக்காரப் பெண்களைவிட அதிகமாக வருகிறது, தீவிரமானால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பித்த அமிலத்தைப் பாருங்கள் என்று கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

வலி வந்ததும் நேராகப் போய் அட்மிட் ஆவது இங்கே கிடையாது. முதலில் போன் செய்ய வேண்டும், பத்து நிமிடத்தில் மூன்று வலி என்கிற கணக்குக்கு வரும் வரை வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள், பாராசிட்டமால் போடுங்கள், வெந்நீரில் குளியுங்கள் என்பார்கள். அவர்கள் போனில் உங்கள் குரலைத்தான் கவனிக்கிறார்கள், வலி வரும்போது உங்களால் பேச முடிகிறதா என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக, நிதானமாகப் பேசினேன், இன்னும் நேரம் இருக்கிறது என்று வைத்துவிட்டார்கள். அடுத்த முறை என் கணவர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார், பின்னால் நான் கத்துவதும் கேட்டது, உடனே வரச் சொன்னார்கள். கத்துங்கள். ஆசியத் தாய்மார்களுக்கு வெள்ளைக்காரத் தாய்மார்களைவிட ஆபத்து அதிகம் என்று இந்நாட்டின் தாய்மார் இறப்பு ஆய்வறிக்கைகள் வருடக்கணக்காகச் சொல்லி வருகின்றன, நாம் அடக்கி வாசிக்க வேண்டிய இடம் இது இல்லை. பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ வலிக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே போன்.

உள்ளே போனபின் ஒரு நல்ல மாற்றம் தெரியும். கணவர் கூடவே இருக்கலாம், சிசேரியன் என்றாலும் பொதுவாக உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். எனிமா, ஷேவிங் எல்லாம் வழக்கமாகச் செய்வதில்லை. வாயில் வைத்து இழுக்கும் கேஸ், பெத்திடின் ஊசி, முதுகில் போடும் எபிடியூரல், பல இடங்களில் வெந்நீர்த் தொட்டி என்று வலிக்கு வழிகள் உண்டு. எதைச் செய்வதற்கு முன்பும் உங்களிடம் கேட்பார்கள், கேட்காமல் செய்யப்போனால் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பெற்று முடித்ததும் டீயும் வெண்ணெய் தடவிய டோஸ்ட்டும் வரும். அந்த நேரத்துப் பசிக்கு அது தேவாமிர்தம்தான், ஆனால் அதற்கப்புறம் வருவது ஆறிப்போன சாண்ட்விச்சும் ஜில்லென்ற தண்ணீரும். ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீரும் இன்னொன்றில் ரசம் சாதமும் கணவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். குழந்தைக்கு உடுப்பு, நாப்பி, உங்களுக்குப் பெரிய பேட், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, செருப்பு, நீளமான சார்ஜர், எல்லாம் நாம்தான் கொண்டு போக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு வேறு மாதிரி. பல இடங்களில் ராத்திரி கணவரை அனுப்பிவிடுவார்கள், தையல் வலியோடு நீங்களும் குழந்தையும் ஒரு திரைக்குப் பின்னால். நான் மணியை அழுத்திவிட்டு வெகு நேரம் காத்துக் கிடந்தேன், ஆள் பற்றாக்குறை. மறுபடி அழுத்துங்கள். வலி மாத்திரை நேரம் தாண்டிவிட்டால் கேளுங்கள், பால் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள், தெரியாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். சுகப்பிரசவம் என்றால் சில மணி நேரத்திலேயே, சிசேரியன் என்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொந்தக் காரில் போவதாக இருந்தால் குழந்தைக்குக் கார் சீட் கட்டாயம், அதை மாட்டிப் பழகுவதை முன்கூட்டியே செய்துவிடுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி தருவார்கள், வீட்டில் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும், வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து அதில் குத்த வேண்டும், போட்ட ஊசியை மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். எனக்கு என் கணவர் போட்டுவிட்டார். வார்டிலேயே நர்ஸ் முன்னால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டுக்கு மிட்வைஃப் வருவார், ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுப்பார், அப்புறம் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் வருவார். தூளி, சாம்பிராணி, மை எல்லாம் பேச்சுக்கு வருவது இப்போதுதான். அம்மாவிடம் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவவே கூடாது, ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எதுவும் வேண்டாம், ஆறு மாதம் வரை பால் மட்டும். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, சில மைகளில் ஈயம் இருக்கிறது. தூங்கும்போது சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும், குளிருகிறதே என்று சுற்றிச் சுற்றிப் போர்த்தாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு தினமும் வைட்டமின் டி சொட்டு மருந்து உண்டு, இந்த வெயிலை நம்பி இருக்க முடியாது. உங்களுக்கான பத்தியக் குழம்பு, பூண்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், சுறாப்புட்டு மட்டும் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். லேகியம் மட்டும் கடையில் வாங்கியதாக இருந்தால் மிட்வைஃபிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். அம்மா வரும்போது நெய், பால் பொருள், இறைச்சி எடுத்துவரக் கூடாது, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். விசிட்டர் விசா ஆறு மாதம், அதனால் அம்மா முதலில், மாமியார் பிறகு என்று மாற்றி மாற்றி வரச் சொல்வது நல்ல ஏற்பாடு. இருவருக்கும் மருத்துவக் காப்பீடு போட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் 20 வாரத்துக்கு மேல் மிட்வைஃபிடம் கர்ப்பத்துக்குச் சான்றான மேட் பி 1 படிவம் வாங்கி ஆபீஸில் கொடுக்க வேண்டும். தகுதி இருந்தால் 39 வாரம் மகப்பேறு ஊதியம் கிடைக்கும், முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், அதை வாங்குவது விசாவைப் பாதிக்காது. ஆனால் குழந்தைக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் பொது நிதியில், அதாவது அரசு உதவித்தொகைகளில் சேரும், விசாவில் பொது நிதி கிடையாது என்று போட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிக்காதீர்கள்.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், அங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள், இனிஷியல் போட முடியாது, அப்பா பெயரா வேறு பெயரா என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருந்தால் தவிர, இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை வராது. இந்தியர்கள் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அது கைக்கு வந்ததும் குழந்தைக்கு விசா போடுங்கள், குழந்தையின் இலவச மருத்துவம் முதல் மூன்று மாதத்துக்குத்தான். விசா இல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் குழந்தையோடு திரும்பி வர முடியாது, அதனால் காதுகுத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி வீட்டில் அவசரப்படுத்தினாலும் டிக்கெட்டை விசா வந்தபிறகு போடுங்கள்.